தீர்மானம் எண் நான்கு

ஜூன் மாதம் டனீடினில் குளிர்காலம்.
நூலகத்துக்குப் பின்னாலுள்ள அறையில்
ஹீட்டர் ஒரு பக்கம்தான் சுடும்.
அந்தப் பக்கத்து நாற்காலிகளுக்கு
ஐந்தரை மணிக்கே ஆள் வந்துவிடும்.

குழந்தைகளுக்குச் சக்கர நாற்காலியும் நடைச்சட்டமும்
இரவல் தருகிற சங்கம் எங்களுடையது.
நிர்வாகக் குழுவில் ஆறு பேர்.
சம்பளம் கிடையாது. பிஸ்கட் உண்டு,
அதுவும் ஃபெர்கஸ் வாங்கி வந்தால்.

ஃபெர்கஸ் அபர்நெதி வக்கீல்.
அலுவலகத்தில் ஆறு நிமிடத்துக்கு ஒரு கட்டணம்.
இங்கே நுழைந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிக்
கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார்.
பாலம் கட்டுகிற லோர்னா மெக்ஸ்கிம்மிங்
திரும்பி வரும் ஒவ்வொரு நாற்காலியையும்
மேட்டுத் தெருவுக்குத் தள்ளிப்போய்
முழங்கால் மோவாயில் இடிக்கத்
தானே உட்கார்ந்து பிரேக் பார்ப்பாள்.
ஒருமுறை பிரேக் பிடிக்கவில்லை.
தபால்பெட்டி பிடித்தது.

நான் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர்.
காதில் விழுவதை விரலில் இறக்குவது பிழைப்பு.
இங்கே கூட்டக் குறிப்பு என் பொறுப்பு.

அன்றைக்கு ஹினேவாய் பராட்டா
வருடக் கணக்கை விரித்தாள்.
தணிக்கையாளர்.
பத்து காசு உதைத்தாலும்
அன்றிரவு தூங்கமாட்டாள்.

தேய்மான அட்டவணைப்படி
நாற்காலிக்கு ஆயுள் ஐந்து வருடம்.
குழந்தையோ ஒன்றரை வருடத்தில் வளர்ந்துவிடும்.
வளர்ந்தால் நாற்காலி திரும்பி வரும்,
அடுத்த குழந்தைக்குப் போகும்.
அதுதான் ஏற்பாடு.

“ஏழு வரவில்லை” என்றாள்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
பூ அனுப்பிய ரசீதுகள் ஏழும்
அதே கோப்பில்தான் இருந்தன.

“விதிப்படி நினைவூட்டுக் கடிதம் போக வேண்டும்.
எழுதிவிட்டேன். உறைகள் பையில் இருக்கின்றன.
மூன்று வாரமாகத் தபால்பெட்டியைத்
தாண்டித் தாண்டிப் போகிறேன்.”

“உபயோகத்தில் உள்ளன என்று போட்டுவிடேன்.”
“பொய்க் கணக்கு எழுதமாட்டேன்.”
“தொலைந்தவை?”
“தொலையவில்லை, ஃபெர்கஸ். ஒன்றை நானே பார்த்தேன்.
ஜன்னலோரம் நிற்கிறது.
டயருக்குக் காற்றுக்கூட அடித்து வைத்திருக்கிறார்கள்.”

ஃபெர்கஸ் கண்ணாடியைத் துடைத்தார்.
மறுபடியும் துடைத்தார்.
பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்:
இரவல் தந்த ஏழும் இனி
அந்தந்த வீட்டுக்கே சொந்தம்,
முதல் நாளிலிருந்தே.

“முதல் நாளை அடியுங்கள்” என்றாள் ஹினேவாய்.
“இன்றைய தேதி போதும்.”

ஆறு கைகள் உயர்ந்தன.
இறங்க மறந்து சற்று நேரம் அப்படியே நின்றன.

அப்புறம் அவள் கெட்டிலைப் போட்டு
ஏழு உறைகளையும் ஒவ்வொன்றாக ஆவியில் காட்டி
நகத்தால், கிழியாமல்,
தபால்தலைகளை உரிக்கத் தொடங்கினாள்.
“சங்கத்துக் காசு” என்றாள், யாரையும் பார்க்காமல்.
லோர்னா எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்று
உரித்ததை வாங்கி வாங்கிப்
பிஸ்கட் தட்டின் விளிம்பில் ஒட்டினாள்.
வேறு சத்தமில்லை.

நீதிமன்றத்தில் என்றால்
‘சாட்சி மௌனம்’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பேன்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இங்கே எழுதியது:
தீர்மானம் எண் நான்கு. ஏகமனதாக நிறைவேறியது.
விவாதம் இல்லை. மணி ஏழு பத்து.
பொருள் ஐந்து: கூரை ஒழுகல்.
தொடக்கம், ஏழு முப்பத்தைந்து.

இருபத்தைந்து நிமிடம் உதைக்கிறது.
ஹினேவாய் இரண்டு முறை படித்துப் பார்த்தாள்.
கையெழுத்துப் போட்டாள்.