இருபது மீட்டர்

கெம்சி துறையில்
மழை லீவு போட்டதில்லை.
நாங்களும்தான்.

கம்ப்ரஸர் இரைச்சல். மஞ்சள் குழாய்.
குழாயின் அந்த முனையில் நிபால்தோ கார்கமோ,
இந்த முனையில் நான்.
காற்று அனுப்புவது என் வேலை.
வலையின் அடியில் கிடக்கும் செத்த சால்மன்களை
மூட்டை மூட்டையாக மேலே அனுப்புவது அவன் வேலை.
கயிற்றில் ஒரு இழுப்பு என்றால் நலம்.
இரண்டு என்றால் மூட்டை தயார்.
நான்கு என்றால் என்னவென்று
இருவருக்கும் தெரியும்,
பேசிக்கொண்டதில்லை.

அவன் உரிமத்தில் இருபது மீட்டர் என்று இருந்தது.
வலைக்கு வாசிக்கத் தெரியாது.
அது முப்பத்தாறில் முடிந்தது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
எங்களுக்கு ஆழம் தெரியும்.
மேற்பார்வையாளர் ஒலாவாரியாவுக்கும் தெரியும்.
பதிவேட்டை என் முழங்காலில் வைத்து
"வழக்கம்போலப் போடு" என்பார்.
வழக்கம்: இருபது மீட்டர், இரண்டு முறை.
போட்டேன்.
ஐந்தாம் முறை அவன் இறங்கிக்கொண்டிருக்கையிலேயே
இரண்டு முறை என்று போட்டேன்,
ஈரத்தில் மை ஊறிவிடும் என்று பென்சிலால்,
அழுத்தி, அழகாக.

ஆகஸ்டில் ஒரு வியாழன்.
மேலே வந்து பாதி ரொட்டி தின்றான்.
தோள் அரிக்கிறது என்றான்.
ரப்பர் உடையைக் கழற்ற எழுந்தவன்
எழவில்லை.
"என் காலை யாரப்பா எடுத்தது?" என்று
சிரித்தான்.
எல்லோரும் சிரித்தோம்,
ஒரு நொடி.

சோடா புட்டியைச் சட்டென்று திறந்தால் எப்படி,
அப்படித்தான் இரத்தம், என்றார் மருத்துவர்.
அன்றிலிருந்து ஒர்த்தென்சியா
வீட்டில் எந்த மூடியையும்
மெல்ல, மிக மெல்லத் திறக்கிறாள்.

காப்பீட்டுக் கழகத்தின் கடிதம்
பதினோரு வாரம் கழித்து வந்தது.
பதிவேட்டின்படி ஆழமும் எண்ணிக்கையும் வரம்புக்குள்.
ஆகவே இது பணியால் விளைந்ததன்று; பொது நோய்.
பொது நோய்.
பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவன்
தும்மி ஒட்டவைத்தது போல.

இணைப்பு: பதிவேட்டின் நகல், நாற்பது பக்கம்.
சக்கர நாற்காலியில் வைத்துப் புரட்டினான்.
எல்லாப் பக்கத்திலும் வால் சுழித்த என் இரண்டுகள்.
"எழுத்து நல்லா இருக்கு" என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.
கையில் இல்லாத கயிறு
நான்கு முறை இழுபட்டது.

தலையெழுத்து, என்றாள் அவன் மாமியார்.
யார் எழுத்து என்று
அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும்.

அவனுக்கு மூச்சு அனுப்பியவன்
எட்டு மாதம் மூச்சு விடவில்லை.
எனக்கு மூத்தவளின் பள்ளிக் கட்டணம் இருந்தது,
படகு எஞ்சினுக்கு ஒன்பது தவணை இருந்தது.
காரணத்துக்கா பஞ்சம்.
இப்போது குழாயின் அந்த முனையில்
பார்ரியா வீட்டுப் பையன், பத்தொன்பது வயது.
அவன் உரிமத்திலும் இருபது மீட்டர்.
போன திங்கள் பதிவேடு முழங்காலுக்கு வந்தது.
பென்சில் முனை ஒடிந்தது.
நான்தான் ஒடித்தேனா, தெரியவில்லை.

மேல்முறையீட்டன்று புவெர்த்தோ மோன்த்துக்குப்
பேருந்து ஏறினேன்.
அந்த அலுவலகத்தில் தண்ணீர்
காகிதக் குவளையில் மட்டும் இருந்தது.
"பதிவேட்டில் கையெழுத்து உங்களுடையதா?"
ஆம்.
"அதில் உள்ளது?"
பொய்.
"உண்மையான ஆழத்துக்கு ஆதாரம்?"

தாள் ஏது?
தாளையெல்லாம் நிரப்பித் தந்துவிட்டேனே.
எழுந்து நின்றேன்.
கயிறு வாங்குகிற மாதிரி
இரண்டு கையையும் விரித்து நெஞ்சுக்கு இழுத்தேன்.
ஒரு பாகம்.
மறுபடி விரித்தேன்.
இரண்டு.
தட்டச்சு நின்றது.
ஏழாவதில் யாரோ,
"மீட்டரில் சொல்லுங்கள்" என்றார்.

நிறுத்தவில்லை.
இன்னும் பதின்மூன்று பாகம் கீழே
அவன் இருந்தான்.