நூறில் ஒருத்தி

பீல் நகர ஆஸ்பத்திரி, நாலாம் மாடி.
ஆறு மணிக்கு முன்பே செலின் வந்துவிடுகிறாள்
குழாய்த் தட்டோடு.
வலக்கை என் பக்கத்தில் கிடக்கிறது
யாரோ ரயிலில் மறந்துபோன பொதிபோல.
இடக்கையை நீட்டுகிறேன்.
ஊதா மூடி, மஞ்சள் மூடி, சாம்பல் மூடி.
தலையெழுத்தை
முழங்கை மடிப்பில் வாசிக்கிறார்கள் இந்த ஊரில்.

டொக்டரின் பெயர் எமோன்.
முதல்நாள் கேட்டபோது
கோணிய வாயோடும் சிரிப்பு வந்தது.
எமனுக்கும் இவருக்கும் இடையில்
ஒரு கொம்பும் ஒரு காலும்தான்.
கொம்பை அவரே வைத்திருக்கட்டும்.
கால் எனக்கு வேணும்.

கட்டில் ஓரம் இருந்து
கடதாசியில் கணக்குப் போட்டார்:
வெள்ளணுவில் இரண்டு வகை,
அடிபாடு என்றால் முதலில் ஓடிவருவது,
ஆறுதலாகப் பின்னால் வருவது.
முன்னதைப் பின்னதால் வகுத்தால் போதும்.
விழுந்த அன்று ஒன்பது.
இன்று நாலு.
குறையக் குறைய நல்லதாம்.
பெரிய மெஷின் ஒன்றும் தேவையில்லையாம்,
நாலாம் வகுப்புப் பிரித்தல் கணக்கு.

பிறகு சொன்னார்:
"உங்களைப் போல நூறு பேரில்
அறுபது பேர் பனி கொட்டுவதற்குள்
தடியில்லாமல் நடப்பார்கள்."

அன்று முழுக்க அந்த நூறு பேரையும்
பீல் ஸ்டேஷன் மேடையில் நிறுத்தி வைத்தேன்.
முதுகு திறந்த ஆஸ்பத்திரிச் சட்டையோடு
ஒரு பேக்கரிக்காரர்,
எல்லாவற்றுக்கும் "இல்லை" மட்டும் சொல்லும் ஒரு டீச்சர்,
ஒரு கால் சப்பாத்தோடு ஒருவர்.
நொய்ஷாத்தெல் ரயில் வந்தது.
அறுபது பேர் ஏறினார்கள்.
யாரும் பெயர் கூப்பிடவில்லை.
கதவு மூடியபோது
நான் உள்ளேயா வெளியேயா
என்று மட்டும் தெரியவில்லை.

பின்னேரம் எமோன் திரும்ப வந்தார்.
நான் எத்தனையாவது ஆள் என்று கேட்கத்தான்
பிரெஞ்சுச் சொற்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினேன்.
வாயில் வந்தது:
"மணி எத்தனை?"
அவர் கையைத் திருப்பிப் பார்த்து,
மிகவும் கவனமாக,
"நாலு இருபது" என்றார்.

இருபத்திரண்டு வருடம்
விநாடி முள் பூட்டியவள் நான்,
பூதக்கண்ணாடிக்குக் கீழே, மூச்சைப் பிடித்துக்கொண்டு.
அவர் கையில் இருந்ததும் எங்கள் பக்டரி மணிக்கூடுதான்.
அந்த முள்ளை யார் வைத்தது?
இந்தப் பொதியாக இருக்கலாம்.
முள் ஓடியது.

இன்று காலை செலினுக்கு அவசரம்.
நிரம்பிய குழாய் ஒன்று நழுவி
என் வலது உள்ளங்கையில் விழுந்தது.

"சுடுகுது" என்றேன்.

தேடாமல் வந்த சொல்.
சரியான சொல்.

அவளுக்குத் தமிழ் தெரியாது.
மன்னிப்புக் கேட்டாள்,
குழாயை எடுத்துத் துடைத்தாள்,
என் பெயரைப் பிழையில்லாமல் ஒட்டி
கீழே எண்ணுகிற இடத்துக்கு
அனுப்பிவைத்தாள்.