அரைக்குக் கீழே

ஆடி இரண்டாம் தேதி.
நண்டுக் கம்பெனிக் கொட்டகையில் டிவி ஓடுகிறது, சத்தமில்லாமல்.
சென்னையில் வெள்ளைச் சட்டைகள் வரிசையில் நிற்கின்றன.
வாசலிலேயே பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு
வேறு பேனா கொடுக்கிறார்களாம், ஊதா மை.
"நம்ம ஆளு தெரியிறாரா பாருங்க" என்கிறான் அருளப்பன்,
வலையிலிருந்து கால் ஒடிந்த நண்டொன்றைப் பிரித்தபடி.
தெரியவில்லை.

காரங்காட்டுக் கரையில் எடை போடுகிறவள் நான்.
ஓலைக்கால் நண்டு, பெரிசு ஒரு விலை, பொடி ஒரு விலை.
கூடைக்குத் தண்ணிக் கழிவு இருநூறு கிராம்.
அரைக்குக் கீழே எழுதாதே என்பது கம்பெனி உத்தரவு.
அரையைத் தாண்டினால் ஒன்றாக்கு என்று
உத்தரவில் எங்கேயும் இல்லை.

லாரி கொண்டுவந்த தொண்டி இபுராம்சா கேட்டான்:
"நம்ம ஆளோட ஓட்டு நூத்தி எழுபத்தாறாமே, அக்கா?
சிக்கிம்காரருக்கு ஏழாம்.
அதென்ன ஆளுக்கொரு எடை?"

மகள் ஜெசிந்தா வருகிற ஞாயிறு குரூப் நாலு எழுதப் போகிறாள்.
ராத்திரியெல்லாம் புத்தகத்தைப் பிடித்து ஒப்பிக்கக் கேட்டவள் நான்தான்.
சிட்டையின் முதுகில் போட்டுக் காட்டினேன்.
நாலு கோடியே பதினோரு லட்சத்துத்
தொண்ணூற்று ஒன்பதாயிரத்து நூற்று அறுபத்தெட்டுத் தலை.
இருநூற்று முப்பத்து நாலு நாற்காலி.
வகுத்தால் நாற்காலிக்கு
ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரத்து அறுபத்து நாலு.
அதையும் ஆயிரத்தால் வகு.
நூற்று எழுபத்தாறு நின்றது,
அறுபத்து நாலு பேர் மிஞ்சினார்கள்.
மிச்சம் ஐந்நூறைத் தாண்டினால் ஒன்று கூட்டுவார்கள்,
அந்த மட்டில் சர்க்கார் கம்பெனிக்கு மேல்.
தாண்டவில்லை. விட்டாச்சு.

"விட்டாச்சுன்னா?"
விட்டாச்சுன்னா விட்டாச்சு, தம்பி.
தண்ணிக் கழிவு.

அவன் சிரிக்கவில்லை. கரையை எண்ண ஆரம்பித்தான்.
வடக்குக் கொட்டகையில் வலை பிரிப்பவர்கள்,
ஐஸ் உடைக்கிற ரெண்டு பையன்கள்,
அருளப்பன், அவன் கொழுந்தியாள், அவள் இடுப்புப் பிள்ளை,
மணலில் சீட்டாடுகிற கூட்டம்.
அறுபத்து மூன்று வந்தது.
"ஒங்களையும் சேத்தா சரியாப் போச்சு."

என்னைச் சேர்க்க முடியாது.
அந்தத் தலைகள் எழுபத்தொன்றில் எண்ணியவை.
பங்குனி வெயிலில் எண்ண வந்த வாத்தியார்
ஏழு மாத வயிற்றோடு நின்ற அம்மாவை
ஒன்று என்று எழுதினார்.
அண்ணன் சவரியானை ஒன்று என்று எழுதினார்.
வைகாசியில் நான் வந்தேன்.
அதற்குள் பட்டியலைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிறகும் வந்தார்கள், பத்துப் பத்து வருசத்துக்கு,
கதவில் சாக்பீஸால் எண் போட்டார்கள்.
தராசு மட்டும் அந்தப் பங்குனியிலேயே நிற்கிறது.
பிள்ளைப்பேற்றைக் குறைத்த மாநிலம் நட்டப்படக் கூடாது என்றுதான்
நிறுத்தி வைத்தார்களாம்.
ஞாயம்தான். நான் சண்டைக்குப் போகவில்லை.

சவரியான் எழுபத்தெட்டில் போனான்.
வத்தை மட்டும் கரை வந்தது.
இன்றைக்கும் அவன் அந்த நூற்று எழுபத்தாறுக்குள் இருக்கிறான்,
யாரோ ஊதா மையில் போடுகிற ஒன்றுக்கு அடியில்,
ஆயிரத்தில் ஒரு பங்காக.
இல்லை, அந்த அறுபத்து நாலோடு சேர்ந்து போனானோ,
யார் கண்டது.
நான், ஐம்பத்தொரு வயது,
கம்பெனித் தராசில் ஏறினால் எழுபத்து மூன்று கிலோ,
கழிவிலும் இல்லை.

டிவியில் பெட்டிக்கு அரக்கு வைக்கிறார்கள்.
டெல்லி விமானத்தில் அதற்குத் தனி சீட்டாம்,
பெட்டியின் பேரிலேயே டிக்கெட்டாம்.
"ஐஸ் உருகுது" என்று கத்துகிறான் இபுராம்சா.

அருளப்பனின் கடைசிக் கூடை:
நாலு கிலோ நானூற்றைம்பது.
நாலு என்று எழுதினேன்.
"அதுல எத்தனை பேர விட்டீங்க, அக்கா?"
பக்கத்தில் பென்சிலால் நானூற்றைம்பதையும் எழுதினேன்.
மேனேஜர் அழிப்பார். அழிக்கட்டும்.

கூடையின் அடியில் ஒரு சினை நண்டு தங்கியிருந்தது,
வயிற்றில் கறுத்த முட்டை,
நாளைக்கோ மறுநாளோ உடையும்.
சினையைத் தராசில் வைக்காதே, கடலில் விடு என்பதும் உத்தரவுதான்.
முழங்கால் தண்ணீர்வரை கொண்டுபோய் விட்டேன்.
போகிற போக்கில்
கட்டைவிரலைக் கவ்விவிட்டுப் போனது.