செக்கானூரணியில் இறங்கினோம்

உசிலம்பட்டி வண்டி. சன்னலோரம்
எட்டு மாச வயிற்றின்மேல் டிபன் டப்பாவை வைத்தபடி
அந்தப் பெண் போனில் சொன்னாள்:
"நேத்து சாயங்காலத்துலருந்து அசைவே இல்லம்மா.
தூங்குது போல."

தூங்குது போல.

எனக்கும் அதைத்தான் சொன்னார்கள்.
நாள் நெருங்கினால் பிள்ளை அடங்கிவிடுமாம்.
மாமியார் சொன்னார், எதிர்வீட்டு ஜெசிந்தா சொன்னாள்,
காளவாசல் மருந்துக்கடையில்
ஊராருக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்துக்கொண்டே
நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.
உதையை எண்ணவேண்டும் என்று தெரியவில்லை.
சனி. ஞாயிறு.
திங்கள்கிழமை டாக்டர்
திரையை என் பக்கம் திருப்பவேயில்லை.

பெண். இரண்டே முக்கால் கிலோ.
நகங்கள்கூட வளர்ந்திருந்தன.
மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது,
மாருக்கு யாரும் சேதி சொல்லவில்லை.
வந்தவர்கள் அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்று
காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.
எந்த அட்டையிலும் ஏறாத பெயர் ஒன்று
என்னிடம் இருக்கிறது.
இங்கேயும் எழுதமாட்டேன்.

கருமாத்தூர் தாண்டிவிட்டது.
அவள் கையில் முழங்கைவரை வளைகாப்பு வளையல்.
வளைகாப்புக்கு இப்போதெல்லாம் என்னை யாரும் கூப்பிடுவதில்லை.
அபசகுனம் என்று கையை உதறுவாளோ?
உதறட்டும்.

"பேரென்னம்மா?"
"நாகஜோதி."
"அது தூக்கமில்ல நாகஜோதி. அசைவு குறைஞ்சா ஒடனே போகணும்.
செக்கானூரணியில எறங்கிருவோம்."
"நாளைக்குத்தான் செக்கப் இருக்கேக்கா..."
"நாளைக்கு வேணாம்."

என் முகத்தில் எதைப் பார்த்தாளோ, எழுந்துவிட்டாள்.

நர்ஸ் கருவியை வயிற்றில் நகர்த்த நகர்த்த
வெறும் கரகரப்பு.
நான் சுவரில் தடுப்பூசி அட்டவணை படித்தேன்.
'பிறந்தவுடன்' என்ற முதல் வரியைத் தாண்ட முடியவில்லை.

பிறகு கேட்டது.
தீபாவளிக்கு முந்தின ராத்திரி
தையல் மிஷின் ஓடுமே, அப்படி.
ஓடி, சற்றுத் தயங்கி, மறுபடி ஓடி.
"துடிப்பு இருக்கு. ஆனா சரியா இல்ல,
பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும்" என்று
நூற்றெட்டைக் கூப்பிட்டார்.

வண்டிக் கதவு சாத்தியபோது
வளையல்கள் மட்டும் கேட்டன.

அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரியாது.
போன் நம்பர் வாங்கவில்லை;
வாங்கியிருந்தாலும் அடித்திருப்பேனா?
டிபன் டப்பா என் கையிலேயே தங்கிவிட்டது.
புளிச்சோறு, சூடு ஆறவில்லை.
கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன்.
மூடியில் பெயர் வெட்டியிருக்கிறது.
கேட்டு வருவாள்,
இடுப்பில் ஒன்றோடு.