ஒன்றுவிட்ட நாள்

என் காலண்டரில் கிழமை கிடையாது.
தண்ணீர் நாள், தண்ணீர் இல்லாத நாள்,
அவ்வளவுதான்.

தண்ணீர் நாளில் நாலே முக்காலுக்கு எழுவேன்.
கட்டபெட்டு சரிவில் புல் வெள்ளையாகக் கிடக்கும்.
தை மாதம் குழாய் உறைந்துவிடும் என்பதால்
முந்தின ராத்திரியே ஒரு குடம் உள்ளே.
கெட்டில் சிணுங்கும். எழுநூறு மில்லி.
சூடு சரியா என்று முழங்கை மடிப்பைக் கேட்பேன்.
தொடையைக் கேட்டுப் பயனில்லை.
பத்து வயதில் ஒரு வெந்நீர்ப் பை
இரவு முழுக்க அங்கே படுத்திருந்தது.
காலையில் போர்வையோடு வந்த தோலைப் பார்த்துத்தான்
சுட்டதென்று தெரிந்துகொண்டேன்.

பை ஆணியில் தொங்கும்.
கூம்பு முனையை உள்ளே அழுத்திப் பிடித்து
அடைப்பானைத் திறந்தால்
தண்ணீர் போகிறதா என்று பைதான் சொல்லவேண்டும்.
பிறகு காத்திருப்பது.
முதலில் நெற்றியில் ஒரு துளி வேர்வை,
அப்புறம் பிடரியில் சிலிர்ப்பு.
என் குடல் என்னோடு பேசுகிற பாஷை அவ்வளவே.
நாற்பது நிமிடம். கதவுக்கு வெளியே
அப்பா ரேடியோவைச் சத்தமாக வைப்பார்,
எனக்காக இல்லை என்பதுபோல.

முடிந்தால் மறுநாள் முழுக்க என்னுடையது.
இலை எடை போடுகிற ஷெட்டில்
ஊன்றுகோலைத் தராசின்மேல் சாய்த்துவிட்டு
யார் பக்கத்திலும் உட்காரலாம்.

இருபத்திரண்டு வயதில், வேலூர் ஆஸ்பத்திரியில்
பியூலா சிஸ்டர் பையைக் கையில் கொடுத்துவிட்டு
கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்.
அதுவரை அந்தக் கதவுக்கு உள்ளே
அம்மா இல்லாமல் நான் இருந்ததில்லை.

அதற்கும் முன்னால் ஆறாம் வகுப்பு.
தண்டுவடம் மூடாமல் பிறந்த இடத்தைத்
தைத்த தழும்பு யாருக்கும் தெரியாது.
மற்றது தெரியும். எனக்கு முன்பே.
மூக்குள்ள எல்லோருக்கும் தெரிந்தபின்
கடைசியாகத் தெரிகிற ஆள் நான்.
எமிலி டீச்சர் நல்லவர். ஒன்றும் சொல்லவில்லை.
ஜன்னலை மட்டும் திறந்தார்.
மூடுபனி உள்ளே வந்து
முன்வரிசைப் பெண்களின் எண்ணெய்த் தலையில் உட்கார்ந்தது.
அன்றிலிருந்து
யார் எங்கே ஜன்னலைத் திறந்தாலும்
என் கை தன்னால் பின்பக்கம் போகும்.

போன புதன்கிழமை
குன்னூரிலிருந்து கடைசிக்கு முந்தின பஸ்.
மழை. எல்லா ஷட்டரும் இறக்கியாயிற்று.
பெட்டட்டி தாண்டியதும் ஒருத்தர்,
"என்னங்க இது? நாத்தம் குடலைப் பிடுங்குது."
தலைகள் திரும்பின.
நான் கணக்குப் போட்டேன்.
நேற்று தண்ணீர். கடைசியில் தெளிவாகத்தான் வந்தது.
மதியம் ரெண்டு வர்க்கி, ஒரு டீ.
பலாச்சுளை கொடுத்தார்கள், தொடவில்லை.
கணக்கு சரி.
உடம்பு கணக்கை நம்பவில்லை.
காதுமடல் எரிந்தது.
அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடலாம்.
இருட்டில், காலிப்பரோடு, ஆறேழு கிலோமீட்டர்.

கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல்,
வெட்கம் துளியும் இல்லாமல்:
"கருவாடுங்க. மேட்டுப்பாளையத்துல வாங்கினது.
கவர் கிழிஞ்சுபோச்சு, அதுக்கென்ன இப்போ?
சட்டியில கெடந்தா மட்டும் மணக்குமாக்கும்!"

பஸ் சிரித்தது.
நான் சிரித்தது கொஞ்சம் அதிகம்,
பக்கத்தில் இருந்தவர் ஒதுங்கி உட்காருகிற அளவுக்கு.
பிறகு என் ஷட்டரை நானே தூக்கினேன்.
துரு. பாதிக்குமேல் போகவில்லை.
ஒரு தோள் மட்டும் நனைந்தது.

இறங்குமுன் அந்த அம்மாவிடம்
கால் கிலோ கேட்டு வாங்கினேன்.
அப்பாவுக்குப் பிடிக்கும்.
எனக்கு விடிந்தால் தண்ணீர் நாள், காரம் ஆகாது.
சும்மா பொட்டலத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
வழியெல்லாம் நாறிக்கொண்டு
மெதுவாக நடந்தேன்,
எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லி.