கையுறை

இனாரி ஏரிக்கரைச் சாலையில்
தபால் வேன் ஓட்டுகிறாள் ரைலி.
சக்கரத்தடியில் ‘தடக்’.
உறைந்த பனிக்கட்டிதான், தெரியும்.
ஆளாக இருந்தால்? என்கிறது அது.

நேற்று ஆறு முறை திரும்பிப் போனாள்.
டார்ச் வெளிச்சத்தில் பனி,
தன் டயர்த் தடம்,
அதன்மேல் மறுபடி தன் டயர்த் தடம்.
யாரோ தவறவிட்ட கையுறை ஒன்று;
உள்ளே விரல் இருக்கிறதா என்று
அழுத்திக்கூடப் பார்த்தாள்.
கடிதங்கள் போய்ச் சேர இரவு பத்து.

எறும்பை மிதிக்கவும் கால் கூசுகிறவளைத்தான்
தேடிப் பிடிக்கிறது இந்தக் கேள்வி.

இன்றும் ‘தடக்’.
கை இண்டிகேட்டரைப் போட்டுவிட்டது.
டிக், டிக், டிக்.
அணைத்தாள்.
“இருக்கலாம்” என்றாள் சத்தமாக,
காலி இருக்கையிடம்.
“இல்லாமலும் இருக்கலாம்.”
வயிற்றில் கல்லோடு
நேரே ஓட்டினாள்.

கண்ணாடியை மட்டும்
ஒரு தடவை
பார்த்துவிட்டாள்.