தொண்ணூற்று நான்கு கிலோ

டோம்போஸ் ஊரெல்லையில் மழை விட்டிருந்தது.
மஞ்சள் அங்கிக்காரி ஒருத்தி
கைகாட்டி எங்களை ஓரங்கட்டினாள்.
ஓட்வார் கண்ணாடியை இறக்கி
வானிலையைப் பற்றி ஏதோ சொன்னான்.
அவள் வானிலைக்குப் பதில் சொல்லவில்லை.

முதலில் உரிமம்.
பிறகு காரின் புத்தகம், கேரவனின் புத்தகம்.
பேனாவின் பின்முனையால் இரண்டு எண்களைத் தொட்டாள்.
கார் தாங்கக்கூடியது இரண்டாயிரத்து இருநூற்றைம்பது,
கேரவன் தாங்கக்கூடியது ஆயிரத்து அறுநூறு.
"கூட்டினால் மூவாயிரத்து எண்ணூற்றைம்பது.
உங்கள் உரிமம் மூவாயிரத்து ஐந்நூறோடு நின்றுவிடுகிறது."

"உள்ளே பாதி காலிதான்" என்றான்.
பொய். அதற்குப் பிறகு வருகிறேன்.
"காலியா நிறைவா என்று உரிமம் பார்ப்பதில்லை.
எவ்வளவு ஏற்றினீர்கள், அது தராசின் கேள்வி.
எவ்வளவு ஏற்றலாம், அதுதான் உரிமத்தின் கேள்வி."

பதினாறு வருடம் இவனோடு வாழ்ந்திருக்கிறேன்.
செய்ததை விட்டுவிட்டு
செய்யக்கூடியதைக் கணக்கில் எடுக்கும் சட்டம்
சட்டென்று எனக்குப் பிடித்துப்போனது.

கைப்பையிலிருந்து என் அட்டையை நீட்டினேன்.
பின்பக்கம், பி எழுத்துக்கு நேரே,
எறும்பளவில் ஒரு தொண்ணூற்றாறு.
நாலாயிரத்து இருநூற்றைம்பது வரை செல்லும்.
நவம்பரில் ஹாமாரில் ஒரு சனிக்கிழமை,
ஏழு மணிநேரம், தேர்வு கிடையாது.
கேரவனின் பின்புறம் இடப்பக்கம் போக
ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடிக்கவேண்டும் என்று
ஒன்பது ஆரஞ்சுக் கூம்புகளைச் சாய்த்துக் கற்றது.
எங்கே போயிருந்தாய் என்று அன்றிரவு இவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"லில்லஹாமரிலிருந்து ஓட்டிவந்தவன் நான்" என்று முனகினான்.
அவள் காதில் விழுந்தது.
அதற்கும் அவளிடம் ஒரு படிவம் இருந்தது.

பிறகு சக்கரங்களுக்கு அடியில் தட்டைத் தராசுகள்.
கேரவன், ஆயிரத்து அறுநூற்றெழுபது.
எழுபது அதிகம்.
முந்தின நாள்தான்
குளியலறை எடைக்கருவியின் மேல் வெட்டிய துடைப்பக்கட்டையை நிறுத்தி
கொக்கியின் அழுத்தத்தை அளந்திருந்தேன். எழுபத்திரண்டு, சரியாக இருந்தது.
நான் தூங்கிய பிறகு இவன் ஏற்றியிருக்கிறான்.
கட்டிலடியிலிருந்து வெளியே வந்தன
பியர் டின்கள் மூன்று பெட்டி,
மூடியோடு வார்ப்பிரும்புச் சட்டி,
மூன்று கோடையாக யாரும் தொடாத
பதினாறு கிலோ டம்பெல் ஒரு ஜோடி.

"காருக்கு மாற்றுகிறோம்."
காரில் மிச்சமிருந்தது பதினைந்து கிலோ.
"தூக்கி எறியுங்கள்."
இவனுக்கு மனம் வரவில்லை. எதையுமே.

அவள் சிரிக்காமல் கேட்டாள்: "உங்கள் எடை?"
"எண்பத்தாறு."
இறங்கச் சொல்லிக் காரை மறுபடி நிறுத்தாள்.
தொண்ணூற்று நான்கு.
(தலைக்கனத்தைத் தராசு காட்டுவதில்லை.
காட்டியிருந்தால்
நானும் இறங்கியிருக்க வேண்டும்.)

ஆக, ஓட்வார் ரயிலேறினான்.
ஓப்டால் ஸ்டேஷனில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு
குடையை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தான்.
தோள்கள் லேசாகத் தெரிந்தன, அல்லது அங்கி பெரிது.

அவன் இருக்கையில் இரும்பும் பியரும், எண்பது கிலோ.
ஆள் உட்கார்ந்திருப்பதாகவே கார் நம்பியது.
பெல்ட் மாட்டும்வரை விடாமல் கூவியது.
மாட்டினேன். பட்டையை நெஞ்சுயரத்தில் சரிசெய்தேன்,
பழக்கதோஷம்.

கேரவன் இழுத்தால் எண்பதைத் தாண்டக்கூடாது.
தாண்டவில்லை.
பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், அடிக்கட்டும்.
டோவ்ரே மலைமேல் இன்னும் பனித்திட்டுகள்.
ஹியெர்கின் அருகே தண்டவாளம் சாலையோடு சேர்ந்து ஓடியது,
ஒரு ரயில் என்னைக் கடந்தது,
ஏதோ ஒரு ஜன்னலில் ஒரு கை.
அது அவனாக இருக்கலாம்.
யாராவது கண்ணாடியைத் துடைத்திருக்கலாம்.

அடுத்த வளைவில் டம்பெல் சற்றே நகர்ந்து
சட்டியில் இடித்துக்கொண்டது.
"சொல்லு" என்றேன்.